நாகேஸ்வரியின் கையிலிருந்த பற்றரி

தேத்தண்ணிக்கு வைத்த கேத்திலிலிருந்து ஒரு பேணி சுடுதண்ணீர் வார்த்து எடுத்துக்கொண்டு நாகேஸ்வரி கார்க் கொட்டிலுக்குப் போனாள். காரின் முன்மூடியை, பொனற்றை, தூக்கிக் கம்பியில் நிறுத்தினாள். பற்றரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொருக்கின் மேல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பொருக்கு நுரைத்துக் கரைந்தது. பழந்துணியால் ஒற்றித் துடைத்து, விரலில் தேங்காயெண்ணெய் தொட்டு முனைகளில் பூசினாள். பிறகு மூடிகளைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டு அறைகளில் தண்ணீர் வற்றியிருந்தது. போத்தலில் வைத்திருந்த மழைத்தண்ணீரை விட்டு நிரப்பினாள்.

முதல்நாள் இரவு அவளே சாகடித்த பற்றரிக்குத்தான் இவ்வளவு பணிவிடையும்.

சில கிழமைகளாக இதுதான் நடக்கிறது. புருஷன் அப்புத்துரை படுத்த பிறகு ஹெட்லைற்றைப் போட்டுவிட்டு வருவாள். விடியமுன் எழும்பிப் போய் நிறுத்திவிடுவாள். காலையில் அவர் திறப்பைத் திருப்பினால் கார் ஒருதரம் முனகிவிட்டு அடங்கும். தள்ளினாலும் பிடிக்காது. பற்றரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால்தானே பிளக்கில் பொறி வரும். அன்றைக்கு, வழக்கமாக அவர் காரில் ஏற்றிப்போகும் ஒழுங்கைப் பிள்ளைகளைத் தாய்மார் சைக்கிளில் பாலர் பாடசாலைக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். நாகேஸ்வரிக்கு அது போதும்.

பற்றரியைப் பழுதாக்கத் தெரியாதவள் அல்ல. மழைத்தண்ணீருக்குப் பதிலாக உப்புத்தண்ணீரை விட்டால் கதை முடிந்துவிடும். ஆனால் கை போகவில்லை.

அவளுடைய தகப்பன் கொடிகாமத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து ஸ்கந்தபுரத்துக்கு வந்தவர். அவளுக்குக் கலியாணம் பேசிய நாளில் சீதனத்தைப் பற்றிய கதையைவிட மாப்பிள்ளையின் ஒஸ்ரின் காரைப் பற்றிய கதைதான் ஊரில் கூட அடிபட்டது. பிறகு சண்டையோடு, பெற்றோலை உள்ளே விடாத பொருளாதாரத் தடைக்காலம் வந்தது. பெற்றோலை மருந்துப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்து, காபரேற்றருக்குள் நாலு துளி விட்டு இஞ்சினைக் கிளப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓட்டினார் அப்புத்துரை. பிள்ளைப்பேற்றுக்காரிகளும் பாம்பு கடித்தவர்களும் அந்தப் புகைக்குள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

புதுப் பற்றரி வன்னிக்குள் வராத காலம் அது. இருந்த ஒன்றைக் காப்பாற்றுவது நாகேஸ்வரியின் பொறுப்பானது. மாரி பிடித்து, ஆகாயம் நன்றாகக் கழுவப்பட்ட பிறகுதான் முற்றத்தின் நடுவில் பேசினை வைப்பாள். விழுந்த தண்ணீரை வெள்ளைத் துணியில் வடித்துப் போத்தலில் அடைப்பாள். அதில் ஒரு மிடறு பிள்ளைகளுக்கும் கொடுக்கமாட்டாள். செய்தி நேரத்தில் அந்தப் பற்றரியைக் கொழுவித்தான் றேடியோ கேட்டது. ஒழுங்கைச் சனம் முழுக்க வந்து குந்தியிருக்கும். கடைசி இடப்பெயர்வில் கார் விசுவமடுவோடு நின்றுவிட்டது. பற்றரியைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டி அவள் உருட்டிக்கொண்டு போனாள். கார் இல்லாமல் பற்றரி எதற்கென்று அப்போது யாரும் கேட்கவில்லை. அதுவும் போய், எல்லாம் போய், திரும்பி வந்த பிறகு சாவகச்சேரியில் ஒரு வளவில் கோழி அடைந்து கிடந்த இன்னொரு ஒஸ்ரினை அப்புத்துரை இழுத்து வந்து ஓடவைத்தார். பற்றரி மறுபடி அவள் கைக்கு வந்தது.

இப்போது பிரச்சினை காரில் இல்லை. அக்கராயன் றோட்டில் ஒருநாள் அவள் முன்சீற்றில் இருந்தாள். இடப்பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்தான். தூரத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. அப்புத்துரை பிறேக்கில் கால் வைக்கவில்லை. அந்த மனுஷன் தானாகவே வாய்க்காலுக்குள் விழுந்து தப்பினான். “எங்கயிருந்து வந்தவன் இவன்?” என்று அவர் உண்மையாகவே கேட்டார். கண் கிளினிக்கில் டொக்டர் சொன்னதைப் பக்கத்தில் இருந்து அவளும் கேட்டாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டது, நேரே தெரியும், இரண்டு பக்கமும் தெரியாது, போன பார்வை திரும்பாது, வாகனம் ஓட்டக்கூடாது. படலைக்குள் வந்ததும், இந்தக் கதை வீட்டுக்கு வெளியே போகக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பேப்பரில் உள்ள சின்ன எழுத்துகளை உரத்து வாசிக்கத் தொடங்கினார். காரை விடச் சொல்லி அவள் கேட்டபோதெல்லாம் அந்த வாசிப்புத்தான் பதில்.

அவள் சுடுதண்ணீர் ஊற்றிப் பற்றரியைத் துடைத்த அன்று பத்து மணிபோல, சந்தியில் கராஜ் வைத்திருக்கும் பழனியாண்டியை அப்புத்துரை கூப்பிட்டிருந்தார். பழனியாண்டியின் தாய் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து ஓடி வந்தவர்கள். அவர் பிறந்தது வளர்ந்ததெல்லாம் இங்கேதான். ஆனாலும் பேச்சில் மலை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அடிக்கடி உன்னைக் கூப்பிடுது. உனக்கும் என்ர ஒஸ்ரினுக்கும் ஏதும் தொடர்போ?” என்றார் அப்புத்துரை.

“கிழவிண்ணே அது. எனக்கு வீட்டில ஒண்ணு போதும்.”

கொண்டுவந்த பற்றரியை வயரால் கொழுவி இஞ்சினைக் கிளப்பினார் பழனியாண்டி. டைனமோவிலிருந்து சார்ஜ் ஒழுங்காக வந்தது. காரின் பற்றரியில் கொஞ்சம் உயிர் ஏறும்வரை ஓடவிட்டுப் பிறகு இஞ்சினை நிறுத்தி, காரின் பற்றரி வயரில் ஒன்றைக் கழற்றி, அந்த இடைவெளியில் ஒரு சின்னப் பல்பைக் கட்டினார். எல்லாம் நிறுத்தியிருக்கும்போது எங்காவது கரண்ட் ஒழுகினால் பல்ப் எரியவேண்டும். எரியவில்லை. கதவைத் திறந்து மூடினார், வயர்களை ஆட்டிப் பார்த்தார். பல்ப் இருண்டே கிடந்தது. கடைசியில் குனிந்து, எண்ணெய் மினுங்கிய முனைகளை விரலால் தடவினார். இது யாருடைய வேலை என்று கேட்டார்.

“அது நாகேசின்ர வேலை. தடைக்காலம் தொட்டுப் பற்றரி அவவின்ர கையிலதான். நான் தொடுறேல்லை” என்று பெருமையோடு சொன்னார் அப்புத்துரை.

கை கழுவவென்று பழனியாண்டி குசினி வாசலுக்கு வந்தார். சவர்க்காரத்தைத் தேய்த்தபடி, குரலை இறக்கிச் சொன்னார்.

“அக்கா, கரண்ட் எங்கயும் ஒழுகல்ல. ராவெல்லாம் லைற் எரிஞ்சாத்தான் பற்றரி இப்பிடி செத்துப்போகும். இந்த மாதிரி பற்றரிய பாத்துக்கிற கை லைற்ற மறந்து விடாது.”

நாகேஸ்வரி அடுப்பைத் தணித்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், சைக்கிள்காரனிலிருந்து டொக்டர் வரைக்கும். சொல்லி முடித்ததும், இஞ்சின் இனிச் சரிவராது என்று அப்புத்துரையிடம் சொல்லிவிடும்படி கேட்டாள். பழனியாண்டி சொன்னால் அவர் நம்புவார்.

பழனியாண்டி சாரத்தில் கையைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டு நின்றார்.

“நான் பொய் சொன்னா அடுத்த மெக்கானிக்க கூப்பிடுவாரு. அவன் ஸ்ராட் பண்ணிக் குடுத்துட்டுப் போயிருவான். பிறகு புள்ளைங்கதான் அதுல ஏறும்.”

அவள் தேத்தண்ணிக்குக் கோப்பைகளை எடுத்தாள். பழனியாண்டி ஹோலுக்குள் போனார். கதிரையில் பேப்பரோடு இருந்த அப்புத்துரையிடம், காருக்கு ஒரு பழுதும் இல்லை என்றும், மிச்சத்தை அக்காவிடம் கேட்கும்படியும் சொல்வது குசினிக்குக் கேட்டது. தேத்தண்ணி குடிக்காமலே அவர் போய்விட்டார். மோட்டச் சைக்கிளின் சத்தம் ஒழுங்கையைத் தாண்டிப் போயிற்று.

நாகேஸ்வரி தேத்தண்ணியோடு ஹோலுக்கு வந்து கதிரையின் இடப்பக்கம் நின்றாள். கோப்பையை நீட்டினாள். அவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு மரண அறிவித்தல். பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் இருக்கிற தேசங்கள், ஒன்றும் பிழைக்காமல் வாசித்தார். வாசித்து முடித்துத் தலை நிமிர்ந்தார்.

“தேத்தண்ணி எங்கயப்பா? எவ்வளவு நேரம்?”

அவள் சோதிக்கவென்று அங்கே நிற்கவில்லை. அடுப்படியிலிருந்து வந்தால் நிற்கிற இடம் அதுதான். ஆனாலும் நீட்டிய கையை எடுக்கவில்லை. கோப்பையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் திருப்பினார். தோளுக்கு அருகில் கோப்பையும், அதைப் பிடித்திருந்த கையும் அப்போதுதான் தெரிந்தன.

நெடுநேரம் அந்தக் கையையே பார்த்தார்.

“நீயோ பற்றரியை இறக்கினது?”

“ஓம்.”

“அதுக்குக் கொண்டுபோய்க் கிணத்துக்குள்ள போட்டிருக்கலாமே. துடைச்சு எண்ணெய் பூசி வைச்சிருக்கிறாய்.”

“அதுக்கு மனம் வரேல்லை.”

அப்புத்துரை தேத்தண்ணியை வாங்கவில்லை. சிரித்தாரோ, இருமினாரோ, ஒரு சத்தம் வந்தது. இந்த ஊரில் தன்னுடைய காரில் ஏறாமல் பிறந்த பிள்ளை எத்தனை என்று கேட்டார். அவள் அதை மறுக்கவில்லை. அந்த மனுஷன் வாய்க்காலுக்குள் விழுந்ததால் தப்பினான், இந்தச் சின்னனுகளுக்கு விழவும் தெரியாது என்று மட்டும் சொன்னாள். கோப்பையை மேசையில், அவருக்கு நேரே வைத்தாள்.

“பிள்ளையளின்ர தாய்மாருக்கு நீங்கள் சொல்லுறியளோ, நான் போய்ச் சொல்லட்டோ?”

அவர் பேப்பரை நாலாக மடித்தார். எழும்பினார். வாசலுக்கு வந்தபோது கையை நீட்டிக் கதவு நிலையைத் தடவிப் பிடித்தார். இவ்வளவு நாளும் அவள் பார்க்க அப்படிப் பிடித்ததில்லை. பிறகு கார்க் கொட்டில் பக்கம் திரும்பாமல், படலையைத் திறந்து பிள்ளைகளின் வீடுகள் இருந்த ஒழுங்கைக்குப் போனார்.