மாதவிலக்குக்கு மருந்து தேடி வேப்பனப்பள்ளி வரை

நான்கு மாதமாக எனக்கு மாதவிலக்கு வராமல் இருந்தது. அதனால்தான் போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஓசூரிலிருந்து வேப்பனப்பள்ளிப் பக்கம் கிளம்பினேன். இதே காரணத்துக்காக அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். எங்கள் கம்பெனி பஸ்ஸிலேயே ஆறு பேர் இருக்கிறோம்.

எனக்கு வயது முப்பத்தொன்று. சிப்காட்டில் ஒப்பந்த வேலை, மாறி மாறி ஷிஃப்ட். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. சினைப்பையில் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் தெரிந்து மூன்று வருடமாகிறது. மாத்திரை போட்டால் வரும், நிறுத்தினால் நின்றுவிடும். அலுத்துப்போய் இருந்தபோதுதான், மாசி மாதத்தில், கூட வேலை செய்யும் மஞ்சுளா வேப்பனப்பள்ளிப் பக்கம் இருக்கும் ஒரு வைத்தியரைப் பற்றிச் சொன்னாள். ஆயுர்வேதமாம், பக்க விளைவே கிடையாதாம். பழுப்புக் காகிதத்தில் மடித்த பொடி, மாதத்துக்கு 1,200 ரூபாய். பெயரும் இல்லை, சீட்டும் இல்லை.

முதல் இரண்டு மாதம் நாள் தவறாமல் வந்தது. இரண்டாவது முறை வந்த அன்று வேலையில் நின்றபடியே அழுதேன். என் கணவர் செல்வம் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார். காரணம் சொல்லாமல் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தோம். மூன்றாம் மாதப் பொடியின் நிறம் வேறாக இருந்தது. அதோடு விலக்கு நின்றுபோயிற்று, பொடியை நான் நிறுத்தவில்லை. கிளம்புவதற்கு முந்தைய மூன்று வாரமாக வாந்தி, சோற்றைக் கண்டாலே குமட்டல். மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்கி இரண்டு முறை பார்த்தேன், இல்லை என்று ஒரே கோடுதான். ஆனாலும் வயிற்றில் கை வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

நைட் ஷிஃப்ட் முடிந்து அப்படியே ஓசூர் பேருந்து நிலையம். கிருஷ்ணகிரி பஸ் காலை 6.50க்கு. குருபரப்பள்ளிக்கு 40 கிலோமீட்டர், டிக்கெட் 38 ரூபாய். சூளகிரியில் லாரிகள் நின்று இருபது நிமிடம் போய்விட்டது. 8.10க்கு இறங்கினேன். காலையில் இட்லி சாப்பிட வேண்டுமென்றால் இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், உள்ளே போனால் டீக்கடைதான். நான் சோடா மட்டும் குடித்தேன். அங்கிருந்து ஆட்டோ, 13 கிலோமீட்டர், 300 ரூபாய். இரண்டு பக்கமும் மாந்தோப்பு. காய் முடிந்துபோன மரங்கள்.

வைத்தியரின் தகரக் கொட்டகை பூட்டியிருந்தது. எப்போதும் வாசலில் கிடக்கும் பெஞ்சுகளையும் காணோம். ஆட்டோக்காரர் எதிர் வீட்டில் தெலுங்கில் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"பத்து நாளாச்சாங்க அக்கா, காலி பண்ணிட்டுப் போயி. இவருகிட்ட மருந்து சாப்ட்ட பொண்ணு ஒண்ணுக்குக் காமாலை வந்து ஆஸ்பத்திரில சேர்த்துட்டாங்களாம். அவங்க ஆளுங்க வந்து சண்ட போட்டிருக்காங்க."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க எத்தினி மாசமா சாப்பிடறீங்க?"

"ஆறு மாசம்."

"கண்ணு மஞ்சளா கீதுக்கா. தப்பா நெனச்சுக்காதீங்க. கிருஷ்ணகிரில ஒரு டாக்டரம்மா கீறாங்க. அவங்களும் ஆயுர்வேதம்தான், ஆனா படிச்சவங்க. எங்க வீட்ல அவங்ககிட்டத்தான் போறாங்க. கூட்டிட்டுப் போவட்டா?"

ஆட்டோவின் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தேன். சரி என்றேன். அங்கிருந்து கிருஷ்ணகிரி 24 கிலோமீட்டர், 450 ரூபாய். வழியெல்லாம் அவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எதுவும் காதில் விழவில்லை.

10.15க்கு அந்த டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தேன். நாற்பது வயதிருக்கும். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். கைப்பையில் இருந்த மீதிப் பொடியைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு மடித்து வைத்தார். பக்கத்து லேபில் ரத்தம் கொடுக்க அனுப்பினார், 650 ரூபாய். ஒன்றரை மணிக்கு முடிவு வந்தது. ரத்தத்தில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் அளவு, இருக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு.

"அப்ப இந்த வாந்தி..." என்றேன்.

"குழந்தை இல்லம்மா. ஈரல் கெட்டிருக்கு."

"முதல் ரெண்டு மாசம் ஒழுங்கா வந்துச்சுங்களே மேடம்?"

"இங்கிலீஷ் மாத்திரையை இடிச்சுக் கலந்திருக்கலாம். சோதிக்காம உறுதியா சொல்ல முடியாது. ஆனா இப்படி வர்றவங்களை நான் பாத்திருக்கேன். இன்னைக்கே நிறுத்துங்க. நானும் இப்ப எதுவும் தரமாட்டேன். முதல்ல பெரிய ஆஸ்பத்திரியில ஈரலைக் காட்டுங்க. நாலு மாசமா வரலைன்றதால கர்ப்பப்பை டாக்டரையும் பாக்கணும். தள்ளிப்போடக் கூடாது."

எல்லாம் சரியான பிறகு ஆயுர்வேதத்தில் வழி உண்டா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். கட்டியைக் கரைக்கிறேன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், செரிமானத்தையும் எடையையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தால் சிலருக்கு விலக்கு சீராகும் என்றார். வேளைக்குச் சூடான சாப்பாடு, தினம் நடை, ராத்திரி பத்துக்குள் தூக்கம்.

"முக்கியமா பகல்ல தூங்கக் கூடாது. உடம்புல கபம் ஏறும்னு எங்க படிப்புல சொல்றது."

"நைட் ஷிஃப்ட்டுங்க மேடம். பகல்ல தூங்கலைன்னா நான் எப்பத் தூங்கறது?"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "ஷிஃப்ட் மாத்திக் கேட்டுப் பாருங்களேன்" என்றார். அவருக்கும் பதில் தெரியும் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. தன் பீஸ் 300 ரூபாயை என்னிடம் வாங்கவில்லை. வெளியே வந்த பிறகுதான் அழுகை வந்தது.

2.40 பஸ், 4.15க்கு ஓசூர். செல்வம் வீட்டில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அந்த ரெண்டு மாசம்?"

"அதுவும் மாத்திரைதானாம்."

எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: சீட்டு எழுதாத, பெயர் ஒட்டாத மருந்தை வாங்காதீர்கள். ஆயுர்வேதம்தான் வேண்டுமென்றால் பட்டமும் பதிவு எண்ணும் உள்ளவரிடம் போங்கள். பழைய ஸ்கேனையும் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். மூன்று மாதம் வரவில்லையென்றால் எந்த வைத்தியமாக இருந்தாலும் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். குமட்டலை ஆசையோடு பார்க்காதீர்கள்.

இதை எழுதும்போது எட்டு வாரமாகிவிட்டது. ரத்தச் சோதனையில் ஈரலுக்கான அந்த அளவு பாதியாகக் குறைந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையில் ஒரு முறை வந்தது, அவ்வளவுதான். பகல் ஷிஃப்ட் மட்டும் தரச்சொல்லிக் கேட்டதற்கு சூப்பர்வைசர், "பெர்மனென்ட் ஆளுங்களுக்கே இல்லம்மா" என்றார். பஸ்ஸில் மற்ற ஐந்து பேரிடமும் ரிப்போர்ட்டைக் காட்டினேன். நான்கு பேர் பொடியைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். மஞ்சுளா மட்டும், "எனக்கு நல்லாத்தானே வருது" என்றாள். அந்த வைத்தியர் இப்போது ஆந்திர எல்லையைத் தாண்டி இருக்கிறாராம், அவள் போய் வாங்கி வந்துவிட்டாள்.

நான் போகமாட்டேன். ஆனால் உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை. எந்த ஊர், எந்த பஸ் என்று அவளிடம் கேட்டேன்.