ரத்தினசாமி கன்னியாகுமரி பார்த்த கதை

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ரத்தினசாமியைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. "அவருக்கென்ன, ஊர் ஊராகச் சுற்றுகிறார், கொடுத்து வைத்த மனுஷன்" என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டெம்போ டிராவலர் ஓட்டுகிறவரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

மனுஷன் மார்டள்ளிக்காரர், எல்லையோரம் கொங்குத் தமிழ் பேசுகிற ஊர். மைசூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டிராவல்ஸில் வண்டி கழுவச் சேர்ந்து, பிறகு ஸ்டியரிங் பிடித்தவர். ஊட்டி, மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று அவர் வண்டி போகாத ஊர் இல்லை. ஆள் பார்க்க வாட்டசாட்டமாக இருப்பார், குரல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி. இவர் ஹாரன் அடிக்கவே கூச்சப்படுவார் என்று மனைவி சுலோசனா கேலி செய்வாள். பீடி சிகரெட் கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. தூக்கம் மட்டும்தான் பலவீனம். வண்டியை நிறுத்தினாரோ இல்லையோ, சீட்டைச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்வார். அப்புறம் குறட்டைதான்.

இரண்டு பெண்கள். மூத்தவள் வைஷாலி ஒன்பதாவது, சின்னவள் ஹம்ஸா ஐந்தாவது. நான் ஆபீஸில் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில்தான் இரண்டு பேரும் படிக்கிறார்கள். இந்தக் குடும்பம் நாலு பேருமாகச் சேர்ந்து ஒரு ஊருக்கும் போனதே கிடையாது. தசரா லீவு விட்டால் மைசூரே விளக்குப் போட்டுக்கொண்டு நிற்கும், வெளியூர்க்காரர்கள் வந்து குவிவார்கள், ரத்தினசாமிக்கு வீட்டுக்கு வந்து குளிக்கக்கூட நேரம் இருக்காது. கிறிஸ்துமஸ் லீவிலும் இதே கதை. ஏப்ரல், மே கேட்கவே வேண்டாம். அப்பாவின் வண்டி ஷெட்டில் சும்மா நிற்கிற ஜூலையில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மும்முரமாக நடக்கும். பெரியவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கண்ணாமூச்சிதான்.

போன ஜூலையில் ஒரு சாயங்காலம் ரத்தினசாமி கீழே இறங்கி வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஏனுங்க்கா, பிள்ளைகளுக்கு ரெண்டு மூணு நாள் லீவு கிடைக்குங்களா? கன்னியாகுமரி கூட்டிட்டுப் போலாம்னு. அடுத்த வருசம் பெரியவ பத்தாவதுங்க. அப்புறம் அவள எங்கீங்க அசைக்க முடியும்?"

அவர் சொன்னது சரிதான். எங்கள் பள்ளியில் பத்தாவதுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட ஸ்பெஷல் கிளாஸ் உண்டு. அதை முடித்தால் பி.யூ. என்கிற பிளஸ் டூ, பிறகு காலேஜ், ஹாஸ்டல். இந்த வருஷத்தை விட்டால் நாலு பேரும் ஒன்றாகப் போவது நடக்கிற காரியமில்லை.

"காய்ச்சல்னு சொல்லிடுங்க. ஊர்ல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்றேன்.

பொய் லீவு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அம்மை போட்டிருக்கிறது என்று போன ஒரு பையன், மொட்டைத் தலையும் கையில் திருப்பதி லட்டுமாகத் திரும்பி வந்து, அந்த லட்டை எனக்கே கொடுத்தான். காலில் கட்டு என்று போன ஒருத்தி மூக்குத் தோல் உரிந்து கோவாவிலிருந்து வந்தாள். நானும் சிரித்துக்கொண்டே பதிந்துகொள்வேன். பிள்ளைகள் அப்பா அம்மாவோடு நாலு இடம் பார்த்துவிட்டு வந்தால் எந்த வானம் இடிந்து விழப்போகிறது?

ஆனால் வைஷாலி மசியவில்லை. அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு நாள்கூட லீவு எடுக்காதவள். பொன்னுக்கு வீங்கி வந்த வருஷமும் கன்னத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து, பாதி வகுப்புக்கு அதைத் தொற்ற வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். பத்தாவது வரை ஒரு நாளும் விடாமல் வருகிறவர்களுக்கு எங்கள் பள்ளியில் ஒரு ஷீல்டு கொடுப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அதை ஒருவரும் வாங்கியதில்லை. இவள் வாங்கப்போகிறாள் என்று தலைமையாசிரியை ஆண்டாள் மேடம் பிரேயரிலேயே சொல்லிவைத்திருந்தார்.

"நீங்க மூணு பேரும் போங்க. நான் ஆன்ட்டி வீட்டுல இருந்துக்கறேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"நாலு பேரும் போனாத்தான அம்மணி அது டூரு?" என்றார் ரத்தினசாமி. முகம் அப்படியே வாடிவிட்டது. ஊரார் பிள்ளைகளை ஊரெல்லாம் கூட்டிக்கொண்டு போகிற மனுஷன், சொந்த மகளிடம் கெஞ்சிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு வயிறெரிந்தது.

"நான் உனக்கு பிரசென்ட் போட்டுடறேன்டி. யாருக்கும் தெரியாது" என்றேன். திருடியைப் பார்ப்பது மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். சின்னவள்தான் கெடுத்தாள், இல்லை, காப்பாற்றினாள்.

எல்லாரும் என் வீட்டுக் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். வைஷாலி ஒரு மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஹம்ஸா அப்பாவின் மடியில் சாய்ந்துகொண்டு, "கன்னியாகுமரில என்னப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

"பெரிய புளியமரம் ஒண்ணு இருக்குது கண்ணு. பத்து மணி வரைக்கும் நல்ல நெழலு. பக்கத்துலயே கொழாத் தண்ணி வருது. டீயும் பரவால்ல."

"ஐயோ அப்பா, கடல்?"

"சத்தம் கேக்கும்."

"ராமேஸ்வரத்துல?"

"அங்க சிமெண்டுத் தரை. வெயிலு தாங்காது. கண்ணாடிக்கு அட்டை வச்சு மறைச்சுட்டுத்தான் படுக்கோணும்."

"ஊட்டில போட் இருக்குமே, அது?"

"போட்டு விடற எடத்துக்கு வெளிய ஒரு அம்மா மொளகா பஜ்ஜி போடுவாங்க பாரு..."

வைஷாலியின் பென்சில் நின்றுவிட்டது. "அப்பா, நீங்க ஒரு இடத்துலகூட உள்ள போனதே இல்லையா?"

"நான் எதுக்கு சாமி உள்ள போறது? ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்து நிறுத்துனா கண்ணு சொருகிரும். எல்லாரும் சூரியன் உதிக்கறதப் பாக்க அடிச்சுப் புடிச்சு ஓடுவாங்க. நான் தூங்கிருவேன்" என்று சொல்லிவிட்டு அவர்பாட்டுக்குச் சிரித்தார்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் மாடியில் இருக்கிற மனுஷன், எனக்கும் இது தெரியாது. சுலோசனா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வைஷாலி யாரிடமும் சொல்லாமல் ஆண்டாள் மேடம் அறைக்குள் போய் நின்றாள். பக்கத்து அறையில் நான். கதவு திறந்திருந்தது. மேடத்துக்குப் பூர்வீகம் மேல்கோட்டை. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். அவர்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"மேடம், எனக்கு லீவு வேண்டும்."

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"இல்லை மேடம். எங்கள் அப்பா கன்னியாகுமரிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறார். ஆனால் பார்த்ததில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டவேண்டும்."

"ஷீல்டு?" என்றார் மேடம்.

"அடுத்து வருகிறவர்கள் யாராவது வாங்கிக்கொள்ளட்டும் மேடம்."

மேடம் பொரிந்து தள்ளினார். ஒன்பதாவது என்பது விளையாட்டா, பாடம் போனால் யார் நடத்துவது, ஊர் சுற்ற இதுவா காலம் என்று எல்லாம் கேட்டார். கேட்டு முடித்து, "வியாழன், வெள்ளி. இரண்டே நாள். தங்கைக்கும் சேர்த்துத்தான்" என்றார். எனக்கு எழுந்து போய் அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

முதலாளி டீசலை மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லி வண்டியைக் கொடுத்தார். புதன்கிழமை மணி அடித்ததும் பள்ளி வாசலிலிருந்தே கிளம்பினார்கள். அவ்வளவு பெரிய வண்டியில் மூன்றே பயணிகள். ஆளுக்கொரு வரிசை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் கையசைத்துக்கொண்டே போனார்கள்.

அடுத்து நடந்ததை சுலோசனா எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். விடிவதற்கு முன்பே கன்னியாகுமரி. அதே புளியமரம். "நீங்க முன்னால போயி எடம் புடிங்க, வண்டிய பூட்டிட்டு வாரேன்" என்றாராம். இவர்கள் மூன்று பேரும் கூட்டத்தில் முண்டியடித்து இடம் பிடித்தார்கள். கிழக்கு வெளுத்தது, சிவந்தது. அப்பாவைக் காணோம். வைஷாலிக்குப் பொறி தட்டியது. "அம்மா, அப்பா தூங்கிட்டாரு!" என்று கத்திக்கொண்டு திரும்பி ஓடினாள்.

அங்கே போனால் வரிசையாக வண்டிகள். எல்லா வண்டியும் வெள்ளை. எல்லா வண்டியிலும் முன்சீட்டில் சாய்ந்தபடி ஒரு ஆள், முகத்தில் துண்டு. இருட்டு இன்னும் முழுசாக விலகவில்லை. இவள் ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டி, யார் யார் வீட்டு அப்பாக்களையோ எழுப்பியிருக்கிறாள். சேலத்துக்காரர் ஒருவர், விஜயவாடாக்காரர் ஒருவர், மொழி தெரியாத ஒருவர். கடைசியில் சொந்த அப்பாவைக் கண்டுபிடித்தபோது சூரியன் வீட்டு மாடி உயரத்துக்கு ஏறிவிட்டது.

"ஆயிருச்சா அம்மணி?" என்றாராம் ரத்தினசாமி, துண்டை இழுத்துக்கொண்டே.

வைஷாலி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவள் எழுப்பிவிட்ட டிரைவர்கள் எல்லாரும் கூடி, விஷயம் தெரிந்து, இவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அப்பாவை ஆளாளுக்கு நையாண்டி செய்தபிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அன்று பகல் முழுக்கக் கொண்டாட்டம். ரத்தினசாமி முதல்முறையாகக் கடலில் கால் வைத்தார். பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, ஒரு அலைக்கு நாலடி பின்னால் ஓடினார். பழக்க தோஷத்தில், "எல்லாரும் பத்து நிமிசத்துல வண்டிக்கு வந்திரோணும்" என்று சொல்லி, மூன்று பேரையும் வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தார். சிப்பிக் கடையில் ஹம்ஸா கேட்டதையெல்லாம் வாங்கினார். ஒருநாளும் இல்லாத திருநாளாக சுலோசனாவை நிறுத்தி வைத்து ஃபோட்டோ எடுத்தார். தலை விழாமல் எடுக்கத்தான் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவரை நடுவில் விட்டு, பிள்ளைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்குப் பார்த்து வானம் முழுக்க மேகம். விடிந்ததே தவிர சூரியன் வரவில்லை. நான் பள்ளிக்குக் கிளம்பும்போது ஃபோன் அடித்தது.

"ஆன்ட்டி, இன்னைக்கு மோடா. மேகம் மூடி ஒண்ணுமே தெரியல. நாளைக்கும் லீவு வேணும். மேடம்கிட்ட கேட்டுச் சொல்லுங்க, ப்ளீஸ்."

பேசியது வைஷாலி! வீங்கிய கன்னத்தோடு வகுப்புக்கு வந்த அதே வைஷாலி. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நேராக மேடம் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மேடம் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "சூரியன் வராததற்கு அந்தப் பெண் என்ன செய்வாள்? இருந்து பார்த்துவிட்டு வரச் சொல்" என்றார். மத்தியானத்துக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. கணக்கு டீச்சர் என்னைப் பார்த்து, "நாளைக்கு அங்கே மழை உண்டா?" என்று கேட்டார். பியூன்கூட ஃபோனில் வானிலை பார்த்துச் சொன்னான். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாதிரி எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

சனிக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வீடியோ கால். வாயைக்கூடக் கொப்பளிக்காமல் எடுத்தேன்.

திரையில் ரத்தினசாமியின் முகம். பக்கத்தில் கூட்டம் ஓவென்று கத்துகிறது. அவர் கத்தவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கன்னத்தில் செம்மஞ்சளாக வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்தது.

"சூரியனைக் காட்டுடி" என்றேன்.

"ரொம்ப நல்லா வருது ஆன்ட்டி, அம்மா சொல்றாங்க. நான் அப்பாவைத்தான் பார்த்துட்டிருக்கேன். நீங்களும் அப்பாவையே பாருங்க" என்றாள் வைஷாலி. சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள் அந்தப் பெண். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அட, இதுக்குத்தான் எல்லாரும் அப்படி ஓடுறாங்களாக்கும்!" என்றார் ரத்தினசாமி, யாரிடமென்று இல்லாமல். பிறகு என்னைக் கவனித்து, மகள் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டார்.

"அக்கா, மேடத்துக்கிட்ட சொல்லிருங்க, பார்த்துட்டனுங்க. தண்ணிக்குள்ள இருந்து அப்படியே வந்துச்சுங்க. முட்டை மஞ்சக்கருவாட்டம். நாளைக்கு ஞாயித்துக்கெழமைதானுங்களே? லீவு கேக்க வேண்டியதில்லயே? இன்னொருக்கா பார்த்துப்போட்டு வந்தர்றமுங்க."

சொல்லிவிட்டு, அணைக்கத் தெரியாமல் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு என் திரையில் இருட்டுதான். கடல் சத்தமும் ஹம்ஸாவின் சிரிப்பும் மட்டும் கேட்டன. நான் பிரஷைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் லேட்.