ஆரணி வயலுக்கு மேலே ஓர் இலவச விமானம்

சம்பளம் தராத வேலைக்கு லீவும் கிடையாது, மேலதிகாரிக்கும் பஞ்சம் கிடையாது. இந்தப் பாடு பட்டவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள்.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில், இரும்பை அளவு பிசகாமல் வெட்டும் சிஎன்சி மெஷினுக்கு ப்ரோகிராம் எழுதுகிறவள். அது வயிற்றுக்கு. ஞாயிற்றுக்கிழமையில் செய்வது வேறு. கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடியே விமானம் ஓட்டிப் பழக ஒரு மென்பொருள் இருக்கிறது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளே எழுதியிருப்பதை யாரும் பிரித்துப் பார்த்துத் திருத்தலாம். உலகம் முழுக்க என்னைப் போல வேலை கெட்டவர்கள் கூடி அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறோம். ஒருவர் செய்த திருத்தத்தை இன்னொருவர் சோதித்து ‘சரி’ என்றால்தான் அது உள்ளே போகும். விமானம் தரையைத் தொடும்போது சக்கரமும் அதைத் தாங்கும் காலும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது என் பாகம்.

மிக்சி ஆஸ்பத்திரி

என் வீட்டுக்காரர் முருகன் எங்கள் ஊர் ஆரணியில் நெல் போடுகிறவர். பட்டுப்புடவை ஆரணி இல்லை, பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணி. வாய் சும்மா இருக்காது அவருக்கு. டீக்கடையில் போய், “எங்க ஊட்ல ஏரோப்ளேன் ரிப்பேர் பண்றா” என்று சொல்லி வைத்துவிட்டார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் எதிர்வீட்டு சரோஜா அக்கா மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். நான் செய்வது கம்ப்யூட்டருக்குள்ளே ஓடும் விமானம், அதற்கு ஸ்க்ரூவும் கிடையாது, கரண்டும் கிடையாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே!

கம்ப்யூட்டர் படித்த பாவத்துக்குப் பக்கத்து வீட்டு ப்ரிண்டரும் டிவி ரிமோட்டும் பார்த்துக் கொடுத்தவர்களுக்கு என் கஷ்டம் தெரியும். தலையில் அடித்துக்கொண்டு ஜாரைக் கழற்றினேன். பிளேடுக்குக் கீழே ஒரு புளியங்கொட்டை மாட்டியிருந்தது. எடுத்துப் போட்டதும் மிக்சி சத்தமில்லாமல் ஓடியது. சரோஜா அக்கா அந்தக் கொட்டையை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “ஏரோப்ளேன்லயும் இதான் மாட்டிக்குதா?”

ஸ்டார்ட் பண்ணாமலே

கம்பெனியில் எங்கள் மெஷின் ஷாப்பில் எல்லாமே மில்லிமீட்டர்தான். வாழைப்பழத்தைக் கொடுத்தாலும் மில்லிமீட்டரில்தான் அளப்போம். மென்பொருளிலோ எல்லாம் மீட்டர். நான் ஒரு பெரிய விமானத்தின் கால் உயரத்தைத் திருத்தினேன். கைப்பழக்கத்தில் மில்லிமீட்டர் கணக்கையே அடித்துத் தள்ளினேன். சோதிக்க வேண்டியவரும் என்ன அவசரத்தில் இருந்தாரோ, சரி என்றுவிட்டார்.

அடுத்த நாள் மதியம் கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே போனைத் திறந்தால் புகார் மேல் புகார். விமானத்தின் கால் ஒரு மலை உயரத்துக்கு வளர்ந்துவிட்டது! ஐயோ, மானம் போச்சே என்று சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். புகார் எழுதியவர்களில் ஒருவர் மட்டும் திட்டவில்லை. மரியாதையாக ஒரு சந்தேகம்தான் கேட்டிருந்தார்: “நான் இன்னும் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவில்லை. ஆனால் மேகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறேன். இது சரிதானா?”

தொப்

டேனியலை எனக்கு ரயிலில்தான் பழக்கம். பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் காலை வண்டியில் ஒருநாள் எதிர் சீட்டில் உட்கார்ந்து, போனில் காக்பிட் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு இரும்பு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை. ஊர் எது என்று கேட்டால், எங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் சர்ச் தெரு! இத்தனை வருஷமாக ஒரே ஏரிக்கு இரண்டு பக்கம் இருந்திருக்கிறோம். பேச்சு வளர்ந்து, கும்மிடிப்பூண்டி வருவதற்குள் அவனை எங்கள் கூட்டத்தில் சேர்த்துவிட்டேன்.

அவன் எடுத்துக்கொண்ட பாகம் தரை. எங்கள் விமானத்தில் ஏறிச் சென்னையிலிருந்து வடக்கே வந்தால் அதுவரை கீழே ஒன்றுமே இருக்காது, வெறும் புல் விரித்த மாதிரி கிடக்கும். அது அவனுக்குப் பொறுக்கவில்லை. “லண்டன்ல சந்து பொந்தெல்லாம் கீது, நம்ம ஊரு மட்டும் இன்னா சுடுகாடாக்கா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். தொழிற்பேட்டை ஷெட்டுகள், தண்ணீர்த் தொட்டி, சர்ச், கோயில் குளம், ஏரி, வாய்க்கால், வரப்பு என்று ஒன்று விடாமல் போட்டான். பார்த்துப் பார்த்துச் செய்தான் என்றால் அப்படிச் செய்தான்.

ஆனால் விமானத்தை இறக்கத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் தொப்பென்று போட்டு உடைப்பான். என் சக்கரம், என் கால்! எனக்கு வயிறு எரியும். ரன்வே ஓரத்தில் நாலு விளக்கு வரிசையாக இருக்கும். சரியான உயரத்தில் வந்தால் இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரியும். நாலும் சிவப்பானால் ரொம்பத் தாழ வந்துவிட்டோம் என்று அர்த்தம். “கண்ணு எங்கடா வச்சிருக்க? லைட்டப் பாத்து எறக்க மாட்டியா?” என்று ஒருநாள் கத்தியே விட்டேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “நாலும் ஒரே மாரி தானக்கா எரியுது. சும்மா அழகுக்கு வச்சிக்கிறாங்கன்னு நெனச்சேன்.”

வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

காய்ந்து போன நவரை

டேனியல் தன் வேலையை முடித்து எனக்கு அனுப்பினான். அந்த மாசக் கடைசிக்குள் சோதனை முடிந்தால் புதுப் பதிப்பில் எங்கள் ஊர் வரும். தவறினால் இன்னும் ஒரு வருஷத்துக்கு உலகத்துக்கு நாங்கள் வெறும் புல்தான். ஞாயிறு மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து ஆரணிக்கு மேலே ஓட்டிப் பார்த்தேன். மேலேயிருந்து பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இன்னும் வேலை பாக்கி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் கை கழுவிக்கொண்டு வந்த முருகன் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு விமானம் தெரியாது, ஆனால் ஏரியும் மடையும் தெரியும். தன் வயலைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததும் வந்ததே கோபம்!

“இன்னா மே இது? நவரைப் பட்டத்து நெல்லு நட்டு எப்டி பச்சுனு நிக்குது வெளிய, நீ இன்னா செங்கல் சூள மாரி போட்டு வச்சிக்கிற? எந்தப் பாவிமே நம்ம மடைய அடச்சான்?”

அழிச்சிடுங்கக்கா

அடுத்த நாள் ரயிலில் டேனியலிடம் போனைக் காட்டிக் கேட்டேன், வயலுக்கு ஏன்டா இந்த நிறம் என்று. “பச்சை தானக்கா போட்டுக்கிறேன்” என்றான். எனக்குச் சுருக்கென்றது. கண் பரிசோதனைக்குப் புள்ளி புள்ளியாக, நடுவில் எண் மறைந்திருக்கும் படங்கள் இருக்குமே, அதில் ஒன்றை எடுத்துக் காட்டினேன். என்ன எண் என்றேன். “எங்கக்கா எண்ணு?” என்றான். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்து எண்ணைச் சொன்னார். டேனியல் அந்த அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிவப்புக்கும் பச்சைக்கும் அவன் கண்ணில் வித்தியாசம் அவ்வளவாக இல்லை. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று இருந்திருக்கிறான். ரன்வே விளக்கு நாலும் அவனுக்கு ஒரே மாதிரி எரிந்ததும் இதனால்தான்.

அந்த வாரம் முழுக்க அவன் அந்த வண்டிக்கு வரவில்லை. செய்ததையெல்லாம் அழித்துவிடச் சொல்லி ஒரு செய்தி மட்டும் வந்தது. அழிப்பேனா நான்? போன் போட்டுத் திட்டினேன். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் ஒரு குற்றமா, எத்தனை பேருக்கு இருக்கிறது, நான் காலை மலை உயரத்துக்கு வளர்த்துவிட்டு இன்னும் வெட்கமில்லாமல் சுற்றவில்லையா என்றேன். அவன் சிரிக்கவில்லை. “எங்கம்மா நாத்து நட்ட நெலம்க்கா அது எல்லாம். அது இன்னா கலர்னு கூட எனுக்கு தெர்லயே” என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போனை முருகன் பிடுங்கிக்கொண்டு ஒரே வார்த்தையில் முடித்தார்: “ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா நைனா, கலர நான் சொல்றேன்.”

பச்சைக்கு நம்பர்

கம்ப்யூட்டருக்குப் பச்சையும் தெரியாது, சிவப்பும் தெரியாது. அதற்கு எல்லா நிறமும் நம்பர்தான். டேனியலுக்கு நம்பர் தண்ணீர் பட்ட பாடு. ஆக, ஏற்பாடு இப்படி: முருகன் நிறம் சொல்வார், நான் அதற்கு நம்பர் எடுத்துக் கொடுப்பேன், டேனியல் போடுவான். சொல்வதற்கு லேசு! இந்த மனுஷனுக்குப் பச்சை ஒன்றா இரண்டா? நாற்றங்கால் பச்சை வேறாம், நட்டுப் பத்து நாள் போன பச்சை வேறாம், யூரியா போட்ட பச்சை வேறாம், கதிர் வாங்கும்போது வேறாம். நான் ஒரு நம்பர் கொடுத்தால், “அது கொய்யா எல, நெல்லு இல்ல” என்று தள்ளிவிடுவார். போடு, மாற்று, போடு, மாற்று. ஒரு கட்டத்தில் எனக்கு எல்லாப் பச்சையும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் டேனியலுக்கு முகம் தெளிந்துகொண்டே வந்தது. முருகன் ஒரு வயலுக்கு மட்டும் ரொம்ப நேரம் நிறம் சொல்லாமல் தடுமாறினார். அது யாருடையது, என்ன போட்டிருக்கிறான் என்று யோசிக்கிறார். அப்போதுதான் டேனியல் பழைய மாதிரி வாயைத் திறந்தான்: “இன்னாண்ணே, கண்ணு நல்லா கீது ஒங்களுக்கே இவ்ளோ பேஜாரா?”

மீசைக்காரர்

டேனியல் திரும்பி வந்தது சும்மா வரவில்லை. அந்த நாலு விளக்குக்கும் ஒரு வழி பண்ணிக்கொண்டு வந்தான். வேண்டியவர்கள் ஒரு ஸ்விட்சைப் போட்டுக்கொண்டால் சிவப்பு விளக்கு மட்டும் கண் சிமிட்டும், வெள்ளை சிமிட்டாது. அவ்வளவுதான். அனுப்பினோம்.

நானும் இதில் கை வைத்துவிட்டதால் சோதிக்க வேறு ஆள் வேண்டும். வந்தவர் கனடாவில் இருக்கும் ஒரு பெரியவர். விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். படத்தில் பெரிய மீசை இருப்பதால் எங்களுக்கு அவர் மீசைக்காரர். எங்கள் ஊரையும் வயலையும் ஒரே நாளில் சரி என்றுவிட்டார். விளக்கை மட்டும் திருப்பி அனுப்பினார். நிஜத்தில் அந்த விளக்கு சிமிட்டாது, நிஜத்தில் இல்லாததை நாம் சேர்ப்பதில்லை என்று இரண்டு வரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கம் பக்கமாக எழுதினேன். மாசக் கடைசி நெருங்குகிறது, இவர் சட்டம் பேசுகிறார்! டேனியல் அதைப் படித்துவிட்டு, “வாணாம்க்கா, சண்ட ஆயிடும்” என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அவனே தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் எழுதினான்: நிஜ விமானத்தில் பறந்துகொண்டிருக்கும்போதே அப்படியே நிறுத்தி வைக்கும் பட்டனும் கிடையாது ஐயா, நம்மிடம் இருக்கிறதே.

பதிலே இல்லை. நாங்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு கிடந்தோம். கடைசி நாள் மதியம் மீசைக்காரரிடமிருந்து வந்தது: “காபி போட எழுந்திருக்கும்போதெல்லாம் நான் அழுத்துவது அந்தப் பட்டனைத்தான். உங்கள் விளக்கைச் சேர்த்துவிட்டேன்.”

யாரு நெலம்?

புதுப் பதிப்பு வந்த ஞாயிறு டேனியல் எங்களைச் சர்ச் தெருவுக்குக் கூப்பிட்டான். முருகனும் வந்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து அவர் டீ குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். டேனியல் ஸ்விட்சைப் போட்டுக்கொண்டு சென்னையில் விமானத்தை இறக்கினான். இரண்டு விளக்கு சிமிட்ட, இரண்டு சும்மா எரிய, என் சக்கரம் பூ மாதிரி தரையைத் தொட்டது. நான் கை தட்டியதில் டீ சிந்திவிட்டது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்களிடமிருந்து, எனக்கும் அதே கண்தான், இப்போதுதான் ஒழுங்காக இறங்குகிறேன் என்று நன்றி வந்துகொண்டே இருந்தது.

டேனியலின் அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. “ஊரக் காட்டுடா” என்றார். டேனியல் வடக்கே ஓட்டினான். ஏரி வந்தது, மடை வந்தது, பச்சைப் பசேலென்று வயல் விரிந்தது. அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே வந்து பார்த்தார். வாழ்நாள் முழுக்க ஊரார் நிலத்தில் குனிந்து நின்றவர், அந்த நிலத்தை மேலேயிருந்து பார்த்தது கிடையாது. எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது. அவர் முகத்தைச் சுளித்தார். “இன்னாடா இவ்ளோ பச்சையா கீது, வரப்பெல்லாம் களையா மண்டிக்கினு? சோம்பேறி. யாரு நெலம்டா இது?”

டேனியல் திரும்பாமலே சொன்னான்: “என்னுதும்மா.”

ஆகவே சக தொழிலாளிகளே, சம்பளம் இல்லாத இந்த உத்தியோகத்தில் சர்ச் தெருவுக்கு ஒரு ஏரிப் பாசன நிலம் முழுக்கக் கைக்கு வந்துவிட்டது, வரப்புக்கும் சேர்த்துப் போட்ட பச்சையை மாற்றிக் களை எடுக்கும் வேலை மட்டும் அடுத்த ஞாயிறு என் தலையில்.