சைகோன் போனவன் கதை

அன்னக்கிளி ஆஸ்பத்திரியில் படுக்கை நோயாளிகளைத் துடைத்துவிடுபவள். அவர்கள் சொல்லும் கதைகளை வகை பிரித்து வைத்திருந்தாள்: மாமியார் கொடுமை, பங்காளிச் சண்டை, சைகோன் போனவன். கடைசி வகை என்றால், அவன் அங்கே இன்னொருத்தியைக் கட்டியிருப்பான் என்று முடிவை இவளே சொல்லிவிடுவாள். நெல்லித்தோப்பிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் போன தன் புருஷனை மட்டும் அதில் சேர்க்கவில்லை.

1956இல் ஒருநாள், சைகோன் கப்பலில் வந்திறங்கியதும் காய்ச்சலில் விழுந்த சுலோசனாவுக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு நெல்லித்தோப்புதான்க்கா. பட்டாளத்துல இருந்தாரு. மொத சம்சாரம் அன்னக்கிளி வாந்திபேதியில செத்தப்புறம் என்னைக் கட்டுனாரு."

அன்னக்கிளி துணியை வாளித் தண்ணீரில் போட்டாள். "புள்ள இருந்துச்சா?"

"ஒரு பொண்ணு. அதுவும் ஆத்தாளோடயே போயிடுச்சாம்."

எந்தக் கதையிலும் ஓர் அப்பன் இப்படிச் செய்து அவள் கேட்டதில்லை. மகள் ஜெயம் அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

"சாயங்காலம் உன்னைப் பாக்க வருவாரில்ல?"

"வருவாருக்கா."

அன்னக்கிளி துணியைப் பிழிந்தாள். அதற்குள் ஜெயத்தைக் கூட்டி வந்துவிடலாம்.