ஆணியில் தொங்காத சட்டை

குளத்தூருக்கும் பூவாருக்கும் நடுவில் இருந்த ஒரு ஐஸ் பிளாண்டில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். கையில் டிப்ளமோ இருந்தது. தொழிற்சாலைப் பாதுகாப்பைப் பற்றி முழுப்பக்கம் எழுதி மார்க் வாங்கியவன் என்ற மிதப்பும் இருந்தது. ஐஸ் உறையவைக்கப் பயன்படும் அமோனியா வாயுவை மட்டும் அதுவரை முகர்ந்ததில்லை.

முதல் நாள் கம்ப்ரசர் அறையைக் காட்டக் கூட்டிப்போனவர் தங்கப்பன், மூத்த ஆபரேட்டர். வாசலுக்கு வெளியே சுவரில் மூன்று ஆணிகள் அடித்திருந்தன. அவர் சட்டையைக் கழற்றி ஒன்றில் மாட்டினார்.

"உள்ளே அவ்வளவு சூடா?" என்று கேட்டேன்.

"சூடும் உண்டு, எண்ணெயும் உண்டு. ஆனா காரியம் அதில்ல சாரே. இஞ்ச சட்டை கிடந்தா உள்ள ஆளுண்டுன்னு அர்த்தமாக்கும். வெளிய வந்தா சட்டையை எடுத்துரணும். ஆணியைப் பாக்காம எவனும் கதவைச் சாத்தப்பிடாது."

நான் சிரித்துக்கொண்டே என் சட்டையையும் மாட்டினேன். உள்ளே போன அரை நிமிடத்தில் கண்ணில் நீர் கொட்டியது. தங்கப்பன் தோளைத் தட்டி, "மணம் வந்தா பயப்படண்டாம். மணம் ஏறிக்கிட்டே வந்தா ஓடணும்" என்றார்.

சட்டையைப் பற்றிச் சொன்னது, மணத்தைப் பற்றிச் சொன்னது, இரண்டையும் கேட்டேன். இரண்டாவதைத்தான் மனதில் வைத்துக்கொண்டேன்.

சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. முதலாளி காலையிலேயே வந்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கம்ப்ரசர் அறை வாசலில் நின்றுவிட்டார்.

"என்ன சாரே இது, கடப்புறத்துல துணி காயப்போட்டது போல? ஆளு வாற நேரத்துல இதை எடுத்து மாத்தும்."

எனக்கும் அது சரி என்றே பட்டது. மூன்று சட்டைகளையும் எடுத்துச் சுருட்டி ஸ்டோரில் வைத்தேன். அதோடு விட்டேனா? நெய்யாற்றின்கரையில் எழுதி வாங்கிய போர்டு ஒன்று இருந்தது. 'பாதுகாப்பே முதலில்' என்று மலையாளத்திலும் தமிழிலும் சிவப்புப் பெயிண்டில் எழுதியது. அதை நடு ஆணியில் மாட்டினேன். தள்ளி நின்று பார்த்து, கோணலை நேராக்கி, கொஞ்சம் பெருமைப்பட்டும் கொண்டேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

பத்து மணி இருக்கும். நான் பிரைன் டாங்க் பக்கம், உப்புநீரில் ஐஸ் கேன்கள் முங்கிக் கிடக்கும் இடத்தில் நின்றேன். சீறல் கேட்டது. பிறகு மணம் வந்தது. அது ஏறிக்கொண்டே வந்தது.

எல்லோரும் முற்றத்துக்கு ஓடினோம். கம்ப்ரசர் அறைக் கதவிடுக்கில் வெள்ளைப் புகை பிதுங்கிக்கொண்டிருந்தது. முதலாளி தூரத்திலிருந்து கத்தினார்: "எலே, உள்ள ஆராவது உண்டா?"

டாங்க் வேலைக்காரன் விஜயன் போகிற போக்கில் சுவரைப் பார்த்திருக்கிறான். "ஆணியில சட்டை ஒண்ணும் இல்ல முதலாளி. ஆளில்ல."

"தங்கப்பன்?"

"இந்த நேரத்துல சாயை குடிக்கப் போயிருப்பாரு."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கும்தான்; சட்டைகளை எடுத்தது நானே என்பது அந்த நேரத்தில் மூளைக்கு எட்டவில்லை. கதவைச் சாத்திவைத்துக் காஸ் தானாக அடங்கட்டும் என்றார் முதலாளி. நான் தலையாட்டினேன். எங்கள் ஊர்க்காரனான செல்வராஜ் போய்க் கதவை இழுத்து அடைத்துவிட்டு வந்தான்.

அவனும் விஜயனும் வெற்று மேலோடு நின்றிருந்தார்கள். செல்வராஜ்தான் கேட்டான்: "சாரே, நாங்க ரெண்டுபேரும் அப்பவே வெளிய வந்தாச்சு. சட்டையைக் காணல்ல. தங்கப்பண்ணன் முன்னாலயே வந்து மூணையும் எடுத்துட்டாருன்னு நினைச்சோம். சாரு எடுத்து வச்சிருந்தா தாரும், இன்ஸ்பெக்டர் வாறாரில்லா?"

ஸ்டோரிலிருந்து சுருட்டலை எடுத்து வந்தேன். செல்வராஜ் ஒன்றை எடுத்தான். விஜயன் ஒன்றை எடுத்தான். என் கையில் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை மிஞ்சியது. பையில் பீடிக்கட்டு இருந்தது.

"இது ஆருக்க?" என்று கேட்டது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

விஜயனின் முகம் வெளிறியது. "தங்கப்பண்ணனுக்க சட்டையாக்கும் சாரே."

அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்போ பின்போ நான் பட்டதில்லை. சாக்கை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு நானும் செல்வராஜும் போனோம். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். விஜயன் வாசலில் நின்று எங்கள்மேல் ஹோஸால் தண்ணீர் அடித்தான். அமோனியா மேலே ஏறும், தண்ணீரில் கரையும். புத்தகத்தில் படித்ததில் அன்று உதவியது அது ஒன்றுதான். தரையோடு தரையாகத் தவழ்ந்தோம்.

அமோனியா சேர்ந்து நிற்கும் ரிசீவர் டாங்குக்குப் பின்னால், கழிவுநீர் ஓடையில் முகத்தை வைத்துக் குப்புறக் கிடந்தார் தங்கப்பன். எண்ணெய் வடிக்கும் வால்வ் திறந்தபடி சிக்கிக்கொண்டிருந்தது. காலைப் பிடித்து இழுத்து வந்தோம். மூச்சு இருந்தது. ஐஸ் ஏற்ற வந்திருந்த மீன் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வண்டி ஏறும்போது முதலாளி என் காதருகில் வந்தார்.

"சட்டை எடுத்த காரியம் நமக்குள்ள இருக்கட்டும் சாரே."

இன்ஸ்பெக்டர் கேட்டபோது வால்வைப் பற்றி மட்டும் சொன்னேன். பயந்துவிட்டேன். வேலை போகும், போலீஸ் வரும் என்று பயந்தேன். இத்தனை வருடம் கழித்தும் அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். என் குரலைக் கேட்டதும் தங்கப்பன் கையை நீட்டினார்.

"கதவு அடைக்கிற சத்தம் கேட்டுது சாரே. ஆனா பேடிக்கல்ல. வெளிய எனக்க சட்டை கிடக்குதே, பாத்துட்டு வருவாங்கன்னு நினைச்சு அப்படியே கிடந்தேன்."

அதற்குப் பிறகும் மறைக்க என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "சட்டை எங்க?" என்று கேட்டார். துவைத்துக் கொண்டுபோயிருந்தேன். தடவிப் பார்த்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு கண்ணில் மட்டும் பார்வை திரும்பியது. ஆறு மாதம் கழித்து, கம்ப்ரசர் வேலை வேண்டாம் என்று வாசல் கேட்டில் டோக்கன் கொடுக்கும் வேலைக்கு வந்தார். அதற்குள் போர்டைக் கழற்றிவிட்டு, ஆளுக்கு ஒரு ஆணி அடித்துப் பெயரும் எழுதியிருந்தேன். இன்ஸ்பெக்டரிடமும் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தேன். முதலாளி என்னோடு பேசுவதை நிறுத்தினார். அடுத்த வருடம் வேறு கம்பெனிக்குப் போனேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பாதுகாப்பு என்று எதையாவது கொண்டுபோய் மாட்டுவதற்கு முன்னால், அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன தொங்குகிறது, யார் மாட்டியது, எதற்காக என்று கேளுங்கள். கேட்டதை மறக்காதீர்கள். எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.