மச்சில் ஒரு குளியலறை

கீழ்வேளூருக்கு உள்ளே தள்ளி, வாய்க்கால் ஓரத்தில் எங்கள் வீடு. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். கழிப்பறையும் குளியலறையும் அங்கேதான். நானும் கணவரும் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்வரப் பழகிவிட்டோம். ஆனால் அந்த வருஷம் மகள் தலைப்பிரசவத்துக்கு வருவதாக இருந்தாள். கார்த்திகையில் நாள். பச்சை உடம்போடு அவளைப் பாம்பு நீந்தும் தண்ணீரில் இறக்க எனக்கு மனசில்லை. மச்சில் அவள் தங்கப்போகும் அறையை ஒட்டி, விதைநெல் மூட்டை போட்டுவைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. அதைக் கழிப்பறையோடு சேர்ந்த குளியலறை ஆக்கிவிடலாம் என்றேன்.

தரைதான் சிக்கல். பனஞ்சட்டங்களின் மேல் பலகை அடித்த தரை அது. டைல்ஸ் ஒட்டும் கொத்தனார் வந்து குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்துவிட்டு, இந்த வேலை வேண்டாம் என்றார். வேறொரு வீட்டில் பலகை மேல் ஒட்டப் போய், மழைக்காலம் முடிவதற்குள் எல்லாம் விரிசல் விட்டுப் பெயர்ந்துவிட்டதாம்.

"மரம் அசையும் டீச்சர். டைல்ஸ் அசையாது. எப்படிச் சேர்ந்து நிக்கும்?"

பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள் நான். அவர் சொன்ன காரணம் எனக்கு நன்றாகப் புரிந்தது. அசைவை நிறுத்திவிட்டால் ஒட்டித் தருவீர்களா என்று கேட்டேன். தருகிறேன் என்று சொல்லிப் போனார்.

கணவருக்கு நம்பிக்கை இல்லை. தஞ்சாவூரில் ஒரு வாடகை வீடு பிடித்து மகளை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்றார். "குழந்தை நம்ம வீட்டுக்குத்தாங்க வரணும்" என்றேன். அதற்குமேல் அவர் மறுக்கவில்லை. நடவு வேலை முடிந்து வருகிற சாயங்காலங்களில் என்னோடு மச்சேறினார்.

மூட்டைகளை இறக்கிவிட்டு, விளிம்பு தளும்பத் தண்ணீர் ஊற்றிய டம்ளரைத் தரை நடுவில் வைத்து, பக்கத்தில் அவரைக் குதிக்கச் சொன்னேன். தண்ணீர் சிந்தி ஓடியது. பலகைகளைக் கழற்றினோம். சட்டங்கள் இரும்பு மாதிரி இருந்தன. சுவரோரப் பலகைகள்தான் உளுத்திருந்தன. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே குறுக்குக்கட்டைகள் இறுக்கினோம். உளுத்ததைத் தூக்கிப்போட்டுப் புதுப்பலகை போட்டோம். பழைய ஆணிகளுக்குப் பதில் எல்லா இடத்திலும் திருகாணி. பிறகு மறுபடி டம்ளரை வைத்தேன். அவர் குதித்தார். இன்னும் வேகமாகக் குதித்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு கல்யாணமான புதிதில் பார்த்தது.

பலகைக்கு மேல் சிமெண்ட் போர்டைத் திருகி, இடுக்குகளில் வலைநாடா ஒட்டி, நீர் கசியாத பூச்சை நானே பிரஷ்ஷால் பூசினேன். கசிகிறதா என்று பார்க்க, தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயை அடைத்து, ராத்திரி தரை முழுக்கத் தண்ணீர் கட்டினோம். காலையில் கீழே கூடத்தில் ஈரவட்டம். அழுகை வந்தது. லீவு போட்டுவிட்டுத் தேடினேன். குழாய் இறங்கும் மூலையில் பூச்சு சரியாக ஏறவில்லை. சுரண்டியெடுத்து, காயவிட்டு, அந்த மூலைக்கு மட்டும் வலைத்துணி வைத்து மறுபடி பூசினேன். அடுத்த தடவை கட்டிய தண்ணீர் கட்டியபடியே நின்றது. கூடம் காய்ந்து கிடந்தது.

கொத்தனார் வந்தார். குதிகாலால் அங்கங்கே ஓங்கி மிதித்தார். குனிந்து ரசமட்டம் வைத்து, குழாய்ப் பக்கம் வாட்டம் சரியாக இருப்பதைப் பார்த்தார். "நாளைக்கே ஆரம்பிச்சிடறேன்" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தேவைப்படவில்லை.

கார்த்திகையில் அடைமழை. கொல்லை குளமாகக் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேத்தியோடு வந்த மகள், மச்சில் வெந்நீரில் நிதானமாகக் குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டியபடி, தரை எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்றாள். யார் போட்டது என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அவள் அப்பா முந்திக்கொண்டார்.

"உங்கம்மா."

நாலு வருஷம் ஆகிறது. ஒரு டைல்ஸ்கூட அசையவில்லை. போன மாதம் கொத்தனார் போன் செய்தார். திருவையாறு பக்கம் ஒரு வீட்டில் பலகைத்தரையாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். டம்ளரைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே கிளம்பிப் போனேன்.