யாரும் சாகாத கதை

அந்த வார இதழில் மாணவர் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவி ஆசிரியருக்கு அலுவலகத்தில் ‘கத்தரி’ என்று பெயர். எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டிவிடுவார். வீட்டில் மனைவி பேசும்போதுகூட நடுவில் புகுந்து, “சுருக்கமா சொல்லு” என்பார். அதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

அவருடைய தலைவலியெல்லாம் சாவுதான். பிள்ளைகள் அனுப்பும் கதைகளில் யாராவது ஒருவர் செத்தே தீருவார். தாத்தா சாவார், நாய் சாகும், நண்பனுக்காக நண்பன் உயிரை விடுவான். பள்ளிக்கூட வாசலில் ஒரு மரம் நின்றால் அதையும் கடைசி வரியில் சாய்த்துவிடுவார்கள். கட்டுரைகளோ, ஒரே ஆள் உட்கார்ந்து எல்லோருக்கும் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும்.

“இது பக்கமா, பிணவறையா?” என்று ஒருநாள் பொறுமையிழந்து, பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில் போட்டார்: இனி கதையில் யாரும் சாகக் கூடாது.

அவ்வளவுதான், வரத்து படுத்துவிட்டது. வந்த ஒன்றிரண்டிலும் எல்லோரும் கோமாவில் கிடந்தார்கள். “சாயங்காலத்துக்குள்ள ஒரு கதை தேறலேன்னா பக்கத்தை விளம்பரத்துக்குக் குடுத்துடுவேன்” என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். ஒருமுறை போன பக்கம் திரும்பாது என்று கத்தரிக்குத் தெரியும். எவ்வளவு திட்டினாலும் அது அவர் பக்கம்.

மத்தியானம் ஒரு கதை அகப்பட்டது. எழுதியவள் பத்தாம் வகுப்புப் பெண். ஓர் அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். செருப்பை வாசலில் குறுக்கே விட்டதற்கு மகளைத் திட்டுகிறார். தண்ணீர் கேட்கிறார். ஃபேன் சத்தம் போடுகிறது என்று ஸ்டூல் போட்டு ஏறுகிறார். அவ்வளவுதான் கதை. கத்தரி வெட்ட இடம் தேடினார், கிடைக்கவில்லை. மனசு நிறைந்துவிட்டது.

சொந்தமாக எழுதியதுதானா என்று கேட்டுவிட்டுப் போடுவது வழக்கம். போன் செய்தார்.

“நீதாம்மா எழுதினியா?”

“நான்தான் சார்.”

“இத்தனை நாளா இதுக்குத்தான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன். எப்படித் தோணுச்சு?”

அவள் தயங்கினாள். “நிஜத்துல அப்பா அன்னைக்கு வீட்டுக்கு வரல சார். வழியிலயே ஆக்சிடென்ட். நீங்க யாரும் சாகக் கூடாதுன்னு போட்டிருந்தீங்க. அதான் வர வச்சேன்.”

கத்தரிக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. பெரிய சட்டம் போட்டுவிட்டாராம்!

“தப்புன்னா சொல்லுங்க சார். நடந்ததையே எழுதித் தந்துடுறேன்.”

“வேணாம்மா” என்றார் அவர். “வந்துட்டார்ல, இருக்கட்டும்.”